விருந்தாளிகளைக் கரைசேர்க்கும் வேலை

ஜோவெலின் துபாயிலிருந்து கூப்பிட்டபோது பிலார் மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். கை ஈரமாயிருந்ததால் புருஷன் சிக்ஸ்தோ போனை எடுத்து உப்பு ஜாடியில் சாய்த்துவைத்தான். திரையில் அவனுடைய கடைசித் தங்கையின் முகம் புருவம் திருத்தி, உதட்டுச்சாயம் பூசி, பளபளவென்றிருந்தது.

"அண்ணி, மே மாசம் கல்யாணம். நம்ம இட்பயாட்லயே, மாதா கோயில்ல."

"ஏன்டி, மணிலாவுல எடமே இல்லையா? அந்தப் பாறை மேலதான் கட்டிக்கணுமா?"

"டென்னிஸ் ஆசைப்படுறான். நான் பொறந்த தீவைப் பாக்கணுமாம். அவங்க வீட்டு ஆளுங்க இலோய்லோல இருந்து வர்றாங்க. எங்கூட வேலை பாக்குற நர்ஸுங்க இங்கருந்து வர்றாங்க. எல்லாரையும் பாஸ்கோ வரைக்கும் ப்ளேன்ல கொண்டு வந்துடுவேன். அங்கருந்து கடலைத் தாண்ட வெக்கிறது மட்டும் உங்க பொறுப்பு. துறைமுகமே உங்க கடை வாசல்லதானே இருக்கு?"

பிலார் வாயைத் திறக்குமுன் சிக்ஸ்தோ தலையை நீட்டினான். "அதெல்லாம் உங்கண்ணி பாத்துப்பா. நீ மத்த வேலையப் பாரு."

பிலார் மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைச் சுரண்டினாள். செதில்கள் அவன் சட்டையில் தெறித்தன. அவன் கவனிக்கவில்லை.

பிலார் பாஸ்கோக்காரி. துறைமுகத்துக்கு எதிரில் நாலு மேசை போட்ட சாப்பாட்டுக்கடை அவளுடையது. விடிகிற நேரத்தில் படகுக்காரர்கள் வந்து கஞ்சியும் வறுத்த மீனும் சாப்பிடுவார்கள். நின்றபடியே விழுங்கிவிட்டு ஓடினால் அன்றைக்குப் படகு உண்டு. காலை நீட்டி உட்கார்ந்து இன்னொரு கிண்ணம் கேட்டால் கடல் சரியில்லை என்று அர்த்தம். இட்பயாட்டுக்குப் போகிற எவரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் பெட்டியைக் கட்டுவார்கள். ஆகவே ஜோவெலின் சரியான ஆளைத்தான் பிடித்திருந்தாள். பிலாருக்குப் பொறுக்காதது அதுதான்.

இருபத்துநான்கு வருஷத்துக்கு முன்னால் பிலாருக்கும் அதே மாதா கோயிலில்தான் கல்யாணம். ஜனவரி மாதம். சிக்ஸ்தோவின் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்து, மகன் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்றதால் நல்ல பருவத்துக்குக் காத்திருக்க முடியவில்லை. பாதிரியாரைப் பார்க்க வேண்டும், உடுப்பைத் திருத்த வேண்டும் என்று பிலார் முன்கூட்டியே கடல் தாண்டிப் போய்விட்டாள். அப்பா, அம்மா, அண்ணன்மார், சித்திமார், கூடப் படித்த பெண்கள் எல்லாரும் பின்னால் வருவதாக ஏற்பாடு. அவள் இறங்கிய மறுநாளே வடக்குக் காற்று கிளம்பியது. அதற்கப்புறம் ஒரு படகும் வரவில்லை. தள்ளிவைக்கலாமா என்று யாரோ இழுத்தபோது, பன்றியை அறுத்தாயிற்று என்று மாமியார் சொல்லிவிட்டாள்.

கோயிலில் ஒரு பக்கம் மாப்பிள்ளை வீட்டார் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பெண் வீட்டார் பக்கத்து பெஞ்சுகள் துடைத்துவிட்டாற்போல் கிடந்தன. பிலாரைக் கைபிடித்துப் பீடத்துக்கு அழைத்துப் போனவர் அடுத்த வீட்டில் மரம் அறுக்கிறவர். அவர் பேர்கூட அவளுக்கு அப்போது தெரியாது. பார்க்கச் சகிக்காமல் பாதிரியார் நாலைந்து பேரை இந்தப் பக்கம் வந்து உட்காரச் சொன்னார். அவர்கள் எழுந்து வருகிற அந்த அமைதியில், பூக்கூடையோடு நின்ற ஆறு வயது ஜோவெலின் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டாள்: "அம்மா, அண்ணிக்கு யாருமே இல்லையா?"

சிலர் சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, குழந்தை கேட்ட விதம் அப்படி. பிலாரும் முக்காட்டுக்குள் சிரித்துவைத்தாள்.

அதை அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. கடல் செய்த காரியத்துக்கு யாரைப் பிடித்து உலுக்க முடியும்? அப்பா சில வருஷத்தில் போய்ச் சேர்ந்தார், பின்னாலேயே அம்மாவும். ஜோவெலின் பாஸ்கோவில் ஹைஸ்கூல் படித்த காலமெல்லாம் பிலார் வீட்டில்தான் தங்கியிருந்தாள். அவளுக்குத் தலை வாரிவிட்டதும், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் பிலார்தான். பாசம் இருந்தது. ஆனால் பாசத்துக்குக் கீழே வேறொன்றும் இருந்திருக்கிறது என்பது, விருந்தாளிகளின் பேர்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

பேர்கள் வந்துகொண்டே இருந்தன. ஒருத்தி லீவு கிடைக்காமல் வேலையையே விடப் போகிறாளாம். இன்னொருத்தி கைக்குழந்தையோடு வருகிறாளாம். டென்னிஸின் பெரியம்மா லூர்தெஸ், வாழ்நாளில் படகேறாதவள், இந்தக் கல்யாணத்துக்காக ஏறுகிறாளாம். பிலாரின் சொந்தச் சித்திமார் வெறும் நாலு மணி நேரப் படகுப் பயணத்துக்கு அன்றைக்கு வழியில்லாமல் போனது. இவளுக்கு என்றால் பாலைவனத்தைத் தாண்டி வருகிறார்கள்.

போனில் ஒரு குழு தொடங்கிக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார்கள். கடலில் குமட்டுமா, அங்கே ஏசி உண்டா, படகில் கக்கூஸ் உண்டா. பிலார் பொறுமையாகப் பதில் போட்டாள். குமட்டும். இல்லை. இல்லை.

பாஸ்கோவிலிருந்து இட்பயாட்டுக்கு ஒரு குட்டி விமானமும் பறக்கும். எட்டுப் பேர் உட்காரலாம், ஏறுமுன் பெட்டியோடு ஆளையும் நிறுப்பார்கள். லூர்தெஸ் பெரியம்மாளை அதில் அனுப்பலாம் என்று பிலார் நினைத்தாள். அந்தம்மாள் இலோய்லோவிலிருந்து போன் போட்டுக் கத்தினாள்.

"என்னைத் தராசுல ஏத்துவாங்களாமே! பன்னிக்கும் எனக்கும் ஒரே தராசா?"

"இல்லம்மா, பன்னியை ப்ளேன்ல ஏத்த மாட்டாங்க."

மறுமுனையில் அந்தம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது கேட்டது. "நீ நல்லா இருப்ப. எனக்குப் படகே போடு. செத்தா ஜனங்களோட சாகுறேன்."

பிலாருக்கும் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு, அந்தச் சிரிப்புக்காகவும் சேர்த்து மனசு கசந்தது. இப்படி ஒரு பெரியம்மா தன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்.

இட்பயாட்டிலிருந்து மாமியார் கூப்பிட்டு, இரண்டு மாடும் மூன்று பன்றியும் தயார், மரமேறும் தேங்காய் நண்டுக்கும் சொல்லியாயிற்று என்றாள்.

"எனக்கு ஒரு பன்னிதான் அறுத்தீங்க, அத்தை" என்றாள் பிலார், விளையாட்டாகச் சொல்வதுபோல.

"நீ எத்தனை பேரக் கூட்டிட்டு வந்தே, மூணு அறுக்க?" என்றாள் மாமியார், அதே விளையாட்டாக.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது பிலார் தட்டுகளை வைத்த சத்தத்தில் சிக்ஸ்தோ நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன, பல்லு வலியா?"

"ஆமா."

"கிராம்பு வெச்சுக்கோ" என்றுவிட்டு அவன் சோற்றைப் பிசைந்தான்.

மே மாதம் வந்தது. கல்யாணம் சனிக்கிழமை பிற்பகல். செவ்வாய்க்கிழமை ஜோவெலின், டென்னிஸ், நர்ஸுகள் எல்லாரும் பெரிய படகுக்காரன் மரியானோவோடு போனார்கள். சிக்ஸ்தோவும் பந்தல் வேலைக்காக உடன் போனான். கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. ஜோவெலின் படகின் முனையில் நின்று பறவைபோல் கைகளை விரித்தாள், நர்ஸுகள் படம் எடுத்தார்கள். கரையில் நின்று கையசைத்த பிலாருக்கு வயிறு எரிந்தது. கடலுக்குக்கூட ஆள் பார்த்து நடக்கத் தெரிகிறது.

புதன்கிழமை மாப்பிள்ளை வீட்டார் முப்பத்தெட்டுப் பேர் விமானத்திலிருந்து இறங்கினார்கள். டென்னிஸின் அம்மா எர்மினியா மெலிந்த, பேச்சுக் குறைந்த விதவை. படகை நினைத்தாலே அவளுக்குத் தலை சுற்றும் என்று லூர்தெஸ் சொன்னாள். லூர்தெஸோ பிலாரைக் கண்டதும் கட்டிக்கொண்டு, "தராசுக்காரி நீதானே?" என்றாள். எல்லாரையும் பிலார் விடுதிகளில் பிரித்துத் தங்கவைத்தாள். எர்மினியாவுக்குச் சத்தமில்லாத இடம் வேண்டுமென்று மேட்டுமேல் கலங்கரைவிளக்கப் பக்கத்து விடுதி கிடைத்தது.

வியாழக்கிழமை காலை படகுக்காரர்கள் காலை நீட்டி உட்கார்ந்து இன்னொரு கிண்ணம் கேட்டார்கள்.

மேற்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு. கடலோரக் காவல்படை படகு எதையும் விடவில்லை. மேகம் தாழ்ந்து மலையை மூடிவிட்டதால் குட்டி விமானமும் பறக்கவில்லை. முப்பத்தெட்டுப் பேரும் கடையில் வந்து அப்பிக்கொண்டார்கள். கஞ்சியில் கரண்டியை விட்டுக் கிளறிக்கொண்டே கடலைப் பார்த்தார்கள்.

பிலார் இஞ்சி தட்டிப் போட்டு எல்லாருக்கும் டீ கொடுத்தாள். "கடல்னா அப்படித்தான், நாளைக்கு விட்டுரும்" என்று தேற்றினாள். நெஞ்சுக்குள் மட்டும் என்னவோ வெல்லம்போல் கரைந்துகொண்டிருந்தது. அது சந்தோஷம் என்று கண்டுகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்டுகொண்டதும் பயந்து சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனாலும் சந்தோஷம் போகவில்லை. பாத்திரம் கழுவும்போது தன்னையறியாமல் ஒரு பாட்டை முணுமுணுத்தாள்.

வெள்ளிக்கிழமையும் படகில்லை. மத்தியானம் ஜோவெலின் அழுதுகொண்டே கூப்பிட்டாள்.

"அண்ணி, டென்னிஸ் பக்கத்துல ஒருத்தருமே இருக்க மாட்டாங்களா? அவங்கம்மாகூடவா வர முடியாது? அவன் சோறே திங்காம உக்காந்திருக்கான்."

"கடல் யார் பேச்சைக் கேக்கும், ஜோவ்? கல்யாணம் நின்னா போயிடும்? ஆளில்லாமலும் கல்யாணம் நடக்கத்தான் செய்யுது."

"அதெப்படி அண்ணி அப்படிச் சொல்றீங்க? யாருமே இல்லாம அது என்ன கல்யாணம்?"

பிலார் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தாள். இவளுக்கு எதுவுமே நினைவில்லை. தான் கேட்ட கேள்வியும் நினைவில்லை, அண்ணியின் காலிப் பெஞ்சுகளும் நினைவில்லை. அவள் ஆறு வயசுப் பிள்ளை, நினைவிருக்க நியாயமில்லைதான். அந்த நியாயம் பிலாருக்கு அப்போது தேவைப்படவில்லை.

"பாக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் மரியானோ வந்து, வழக்கமான கள்ளுக்கோப்பைக்குக் கை நீட்டாமல் நின்றான். "காத்து திரும்புது பிலார். காலையில கொஞ்ச நேரம் கடல் விடும். விடிஞ்சதும் முதல் படகுக்கு மட்டும் அனுமதி தர்றேன்னு காவல்படை சொல்லிருக்கு. மறுபடி மத்தியானத்துக்குள்ள மூடிடும். உன் ஆளுங்கள வெளிச்சம் வரும்போது துறைமுகத்துல நிக்கச் சொல்லு. லேட்டாச்சுன்னா நான் நிக்க மாட்டேன்."

"சொல்றேன்" என்றாள் பிலார்.

கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனாள். குழுவில் லூர்தெஸ் கேட்டிருந்தாள்: நாளைக்கு ஏதாவது வழி உண்டா? பிலார் கட்டிலில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். உண்டு என்று ஒரு சொல் போட்டால் போதும். அதைப் போடாமல், "நல்லாத் தூங்குங்க, காலைல சொல்றேன்" என்று போட்டாள். அது பொய்யில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை கிழக்கு வெளுத்தபோது அவள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். இன்னமும் சொல்லலாம், இந்தத் தண்ணீர் கொதிக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இருந்தாள். தண்ணீர் கொதித்தது. மரியானோ கடை வாசலில் வந்து நின்றான்.

"எங்க உன் ஆளுங்க?"

பிலார் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "வரலையாம். பயப்படுறாங்க. வேணாம்னுட்டாங்க."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட."

மரியானோ உதட்டைப் பிதுக்கினான். "நல்லதாப் போச்சு. எங்க ஊர்க்காரனுங்க ரெண்டு நாளா ஏத்திட்டுப் போ, ஏத்திட்டுப் போன்னு உயிரை எடுக்குறானுங்க." திரும்பிப் போய்க் குரல் கொடுத்தான். துறைமுகத்தில் குந்தியிருந்த இட்பயாட்காரர்கள் எழுந்து ஓடினார்கள். அரிசி மூட்டைகள், சிமென்ட், எரிவாயு உருளைகள் எல்லாம் கை மாறிப் படகுக்குள் போயின.

பிலார் கொதிக்கிற தண்ணீரில் அரிசியைப் போட்டாள். வார்த்தை வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்துவிட்டதே என்றுதான் அவளுக்கு ஆச்சரியம். இப்போது தானும் ஏற முடியாது. விருந்தாளிகள் இல்லாமல் தான் மட்டும் போய் இறங்கினால் என்ன பதில் சொல்வது? கல்யாணத்துக்கே போகாமல் இங்கேயே கிடப்பது என்று முடிவு செய்தாள். அதில்கூட ஒரு கணக்குத் தீர்ந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் லூர்தெஸ் பெரியம்மா வந்தாள். மழைக்கோட்டுக்குக் கீழே ஊதாப் பட்டு உடுப்பு, காலில் ரப்பர் செருப்பு, தலையில் சுருட்டைக்கு வைத்த உருளைகள்.

"தூக்கமே வரல. கல்யாணத்துக்குப் போறோமோ இல்லையோ, உடுப்பையாவது போட்டுப் பாப்போம்னு போட்டேன். காப்பி குடு, தராசுக்காரி." நாற்காலியை இழுத்தவள் கடல் பக்கம் பார்த்தாள். "அது என்ன, ஏத்துறாங்க? படகு போகுதா?"

பிலார் அவள் முகத்தைப் பார்த்தாள். சந்தேகமே இல்லாத முகம். படகு போனால் பிலார் சொல்லியிருப்பாள் என்று நம்பிக்கொண்டு, வேறு ஏதோ சரக்குப் படகுதான் என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற முகம். அந்தப் பதிலைச் சொன்னால் அந்தம்மாள் காப்பியைக் குடித்துவிட்டுப் போயிருப்பாள்.

"போகுது" என்றாள் பிலார். "போகுதும்மா. ஓடுங்க. எல்லாரையும் எழுப்புங்க!"

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஒரே ஓட்டம். லூர்தெஸ் தெருவில் உருளைகள் உதிர உதிரக் கத்திக்கொண்டு ஓடினாள். பிலார் துறைமுகத்துக்கு ஓடி மரியானோவின் கையைப் பிடித்தாள்.

"வர்றாங்க. எடம் வெய்யி."

"வரலைன்னு சொன்னியே?"

"இப்ப வர்றாங்க."

மரியானோ அவளை மேலும் கீழும் பார்த்தான். "பாதிப் படகு நெறஞ்சாச்சு பிலார். ஏறுனவன எறக்க முடியாது. மிச்சம் இருக்குற எடத்துக்கு எத்தனை பேரோ அத்தனை பேர். நான் பத்து நிமிஷம்தான் நிப்பேன்."

பக்கத்து விடுதிகளில் இருந்தவர்கள் பல் தேய்க்காமல், ஒற்றைச் செருப்போடு, இஸ்திரி போட்ட சட்டைகளைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பத்தொன்பது பேர் ஏறினார்கள். மேட்டு விடுதிக்கு மூன்று சக்கர வண்டி போயிருந்தது. எர்மினியா போனை எடுக்கவில்லை. படகுப் பயத்துக்காகச் சாப்பிட்ட மாத்திரையில் அசந்து தூங்குகிறாள் என்று லூர்தெஸ் அலறினாள். காவல்படைக்காரர் கடிகாரத்தைக் காட்டினார். கயிற்றை அவிழ்த்தார்கள். லூர்தெஸ் பிலாரின் கையைப் பிடித்துத் தன்னோடு படகுக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் அந்தக் கையை விடவே இல்லை.

பாதி வழியில் எர்மினியாவின் போன் வந்தது. காற்றிலும் எஞ்சின் சத்தத்திலும் வார்த்தை ஒன்றும் புரியவில்லை. லூர்தெஸ் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "அழுகுறா, அழுகுறா" என்று மட்டும் சொன்னாள். பிறகு படகு ஓரத்தில் சாய்ந்து வாந்தியெடுத்தாள். பிலார் அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டு அலையைப் பார்த்தாள். படகு எழுந்து விழுந்த ஒவ்வொரு தடவையும், இது மூழ்கினால் நல்லது என்று நினைத்தாள். அது மூழ்கவில்லை. மரியானோ நல்ல மாலுமி.

இட்பயாட்டில் மணற்கரை கிடையாது. பாறையில் வெட்டிய சிமென்ட் மேடைதான். அலை படகைத் தூக்குகிற கணம் பார்த்துக் குதிக்க வேண்டும், மேலே நிற்கிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். எல்லாரும் தயங்கி நின்றபோது லூர்தெஸ் பெரியம்மா ஊதா உடுப்பைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு, "மாதாவே!" என்று முதலில் குதித்தாள். அவளைப் பிடித்த இரண்டு ஆட்களும் அவளோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மரியானோ பிலாரின் பக்கத்தில் வந்து குனிந்தான். "இந்தம்மாவா பயந்துச்சு?"

பிலார் அலையைப் பார்த்துக் குதித்தாள்.

கோயிலில் மாப்பிள்ளை பக்கத்துப் பெஞ்சுகள் பாதிதான் நிரம்பின. டென்னிஸைப் பீடத்துக்கு அழைத்துப் போக வேண்டிய அம்மா இல்லை. லூர்தெஸ் தலைமுடி ஒரு பக்கம் சுருண்டும் ஒரு பக்கம் நீண்டும் கிடக்க, அவன் கையைப் பிடித்து நடந்தாள். அந்த உயரமான பையன் கண்ணைத் துடைக்கவும் தோன்றாமல் நேராகப் பார்த்துக்கொண்டே நடந்தான். பீடத்தருகே போனதும் ஒரு முறை திரும்பி, கதவைப் பார்த்தான். கடல் மூடிவிட்டது அவனுக்கும் தெரியும். ஆனாலும் பார்த்தான்.

பிலாருக்கு அந்தப் பார்வை தெரியும். தானும் அப்படித் திரும்பிப் பார்த்தவள்தான். இதைத்தான் இரண்டு நாளாக வெல்லம்போல் சப்பிக்கொண்டிருந்தோமா என்று நினைத்தபோது அவளுக்கு நாக்கே கசந்தது. அதோடு, சொன்னால் நம்ப மாட்டார்கள், பொறாமையும் போய்விடவில்லை. ஜோவெலின் பக்கத்தில் இடமில்லாமல் ஜன்னலோரம்கூட நிற்கிறார்களே என்று ஒரு பக்கம் அவள் கண் எண்ணத்தான் செய்தது.

விருந்தில் ஜோவெலின் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "நீங்க இல்லைன்னா ஒருத்தருமே வந்திருக்க மாட்டாங்க அண்ணி. லூர்தெஸ் பெரியம்மா சொன்னாங்க, நீங்கதான் எல்லாரையும் எழுப்பினீங்களாம்." சொல்லிவிட்டு ஈரப்பலா இலையில் மஞ்சள் சோறும் பன்றிக் கறியும் தானே வைத்து அவள் கையில் கொடுத்தாள். பிலார் இலையை வாங்கி நின்றாள். எதிரே கரும்புச் சாராயக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த மரியானோ அவளைப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்து ஆளிடம் வலை விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அவன் கடைசிவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

கூட்டம் கலைந்தபோது சிக்ஸ்தோ சந்தோஷ மயக்கத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "எப்பேர்ப்பட்ட கல்யாணம்! நம்ம கல்யாணம் நினைவிருக்கா? என்ன காத்து!"

"என் பக்கம் எத்தனை பேர் இருந்தாங்க, நினைவிருக்கா?"

"எத்தனை பேரு?"

"ஒருத்தரும் இல்ல, சிக்ஸ்தோ. ஒருத்தரும் இல்ல." அதோடு நிற்கவில்லை. மாமியாரின் பன்றியிலிருந்து, மரியானோவிடம் சொன்ன பொய் வரைக்கும் அத்தனையும் கொட்டிவிட்டாள். சத்தமில்லாமல், சோற்று இலையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

அவன் மயக்கம் தெளிந்துவிட்டது. "எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றான்.

"அவ்வளவுதானா?"

"இத்தனை வருஷமா எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே, பிலார்."

"நீ கேக்கவே இல்லையே."

அவன் அவளைத் தேற்றவுமில்லை, திட்டவுமில்லை. எழுந்து போய் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவள் குடித்தாள்.

திங்கட்கிழமை கடல் அடங்கியது. பிலார் கிடைத்த முதல் படகில் பாஸ்கோவுக்குத் திரும்பி, எர்மினியாவையும் மிச்சப் பதினெட்டுப் பேரையும் மறுநாள் தானே கூட்டிக்கொண்டு வந்தாள். எர்மினியாவைப் படகின் நடுவில், ஆட்டம் குறைந்த இடத்தில் உட்காரவைத்து, வழியெல்லாம் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"என் மாத்திரைதான் கெடுத்துச்சு" என்றாள் எர்மினியா. "ஒரே பையன். நான் கோயில் வாசல்ல அவன் கையைப் பிடிக்கணும்னு அவன் அப்பா சாகும்போது சொன்னாரு. மாத்திரையைப் போட்டுட்டுத் தூங்கினேன், பாரு."

"உங்க தப்பு இல்லம்மா" என்றாள் பிலார். அடுத்த வார்த்தை தொண்டைவரை வந்தது. சொன்னால் தன் பாரம் இறங்கும். ஆனால் பெற்றவளுக்கு அதனால் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. சொன்ன பிறகு ஜோவெலின் அந்த வீட்டில் எப்படி வாழ்வாள் என்பதும் தெரியவில்லை. அலை படகைத் தூக்கியது. "உங்க தப்பு இல்ல" என்று மறுபடி சொன்னாள்.

மேடையில் ஜோவெலினும் டென்னிஸும் நின்றிருந்தார்கள். பிலார் எர்மினியாவின் இடுப்பைப் பிடித்து, அலையைப் பார்த்து, "இப்ப!" என்று தூக்கிக் கொடுத்தாள். மகன் அம்மாவை வாங்கிக்கொண்டான். மூன்று பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். மாமியார் இன்னொரு பன்றியை அறுத்தாள்.

அதற்கப்புறம் இட்பயாட்டில் கல்யாணம் வைக்கிற வெளியூர்க்காரர்கள் இரண்டு மூன்று பேர் பிலாரைத் தேடி வந்தார்கள். அவள் மரியானோவின் போன் எண்ணைக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

எர்மினியா ஊருக்குப் போய் ஒரு பெட்டி மாம்பழம் அனுப்பினாள். அவர்கள் பக்கத்து மாம்பழத்துக்குப் பேர் போன ருசி உண்டு. அதுமுதல் மே மாதம் பிறந்தால் பெட்டி வந்துவிடும். முதல் வருஷம் பிலார் ஒன்றைக்கூட வாயில் வைக்காமல் படகுக்காரர்களுக்கே கொடுத்துத் தீர்த்தாள். மரியானோ கொட்டைவரை சப்பிவிட்டு, "உனக்கு வேணாமா?" என்றான். "வேணாம்" என்றாள். இரண்டாம் வருஷம், கடையில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், ஒன்றை எடுத்துத் தோலுரித்து நின்றபடியே தின்றாள். இனிப்பாகத்தான் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு மறுபடி மீனுக்குச் செதில் எடுக்க உட்கார்ந்தாள்.